இரண்டு ரூபாய் வட்டியும் வீட்டுக்கடன் தவணையும்

திருப்பூரில் பதினான்கு மெஷின்கள் ஓடும் சிறிய தையல் யூனிட் ஒன்றை நடத்தி வருகிறேன். ஏற்றுமதி நிறுவனங்கள் வெட்டிக் கொடுக்கும் துணியைத் தைத்துத் திருப்பிக் கொடுக்கும் ஜாப் ஒர்க்தான் முழு வேலையும். சனிக்கிழமை மாலை சம்பளம் கொடுத்தாக வேண்டும், அது வாரத்துக்கு 75,000 ரூபாய்க்குக் குறையாது. நாங்கள் போடும் பில்லுக்குப் பணம் வர அறுபது நாள் ஆகலாம், தொண்ணூறு நாளும் ஆகலாம். வாரத்தில் போகும் பணத்துக்கும் மாதங்கள் கழித்து வரும் பணத்துக்கும் இடையில் வீட்டுக்கடன் தவணையையும் வைத்துக்கொண்டு நான் செய்த ஒரு தவறான கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில், 20 ஆண்டுத் தவணையில் 25 லட்சம் ரூபாய் வீட்டுக்கடன் வாங்கினேன். அப்போது ரெப்போ விகிதம், அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி, 4 சதவீதம். அதன்மேல் வங்கியின் 3 சதவீதத்தைச் சேர்த்து வட்டி 7 சதவீதமாகவும், மாதத் தவணை 19,382 ரூபாயாகவும் அமைந்தது. கூடுதலாகவே கேட்டிருந்தேன், கிடைக்கவில்லை. வரி குறையட்டும் என்று ஆண்டுதோறும் உத்தேச வருமானத் திட்டத்தில் (விரிவான கணக்கு இல்லாமல், வரவில் ஒரு சதவீதத்தை லாபமாகக் காட்டும் முறை) குறைந்தபட்ச லாபத்தையே காட்டி வந்தவனுக்கு, அந்தக் கணக்குத் தாக்கலை வைத்துத்தானே வங்கி கடன் கொடுக்கும்?

2022 மே மாதத்திலிருந்து ரெப்போ விகிதம் ஏறத் தொடங்கி, 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்தை எட்டியது. என் தவணைத் தொகை மட்டும் மாறவே இல்லை. மாறாததால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றே நினைத்திருந்தேன். அந்தக் கோடையில் ஆடிட்டர் கேட்டார் என்பதற்காகக் கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட்டை வாங்கிப் பார்த்தபோதுதான், வட்டி 9.5 சதவீதம் ஆகியிருப்பதும், நான் கட்டும் 19,382 ரூபாயில் ஏறக்குறைய 18,900 வட்டிக்கே போய், அசலில் 500 ரூபாய்கூடக் கழியாமல் இருப்பதும் தெரிந்தன. அதே தவணையில் போனால் கடன் தீர இன்னும் 38 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எனக்கு அப்போது வயது நாற்பது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, அசலில் ஒரு பகுதியைக் கட்டுவதா என்று கடன்தாரரின் விருப்பத்தைக் கேட்க வேண்டும் என ரிசர்வ் வங்கி அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் சுற்றறிக்கை விட்டது. அதற்கு முன்பே நான் பதறி முடித்திருந்தேன்.

எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. மாதத் தவணையைச் சுமார் 3,750 ரூபாய் கூட்டிக்கொண்டால், கடன் பழையபடி 18 ஆண்டுகளில் முடியும். அல்லது, தவணையைத் தொடாமல் அசலில் 4 லட்சம் ரூபாயை ஒரேயடியாகக் கட்டினாலும் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்துவிடலாம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதமும் கிடையாது. நல்ல சீசன் ஒன்று முடிந்து நிலுவை பில்கள் வசூலாகியிருந்ததால், யூனிட்டின் கரண்ட் அக்கவுண்டில் அந்த அளவுக்குப் பணம் இருந்தது. கட்டிவிட்டேன். கட்டிய அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

மூன்று மாதம் கழித்து, எனக்கு அதிக ஆர்டர் கொடுத்து வந்த நிறுவனம் பணத்தை நிறுத்தி வைத்தது. வெளிநாட்டு பையர் சரக்கை எடுக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை இரவு கையில் 11,000 ரூபாய்தான் இருந்தது. சம்பளம் கொடுக்காவிட்டால் திங்கட்கிழமை டெய்லர்கள் பக்கத்துத் தெரு யூனிட்டில் உட்கார்ந்திருப்பார்கள். தெரிந்தவர் ஒருவரிடம் இரண்டு ரூபாய் வட்டிக்கு 3 லட்சம் வாங்கினேன். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்று சொல்லும்போது சிறிதாகத்தான் கேட்கும், ஆண்டுக்கு அது 24 சதவீதம். ஏழு மாதத்தில் 42,000 ரூபாய் வட்டியாகப் போனது. அதே 3 லட்சத்தை வீட்டுக்கடனில் கட்டியதால் அந்த ஏழு மாதத்தில் நான் மிச்சப்படுத்தியது 16,600 ரூபாய் மட்டுமே. யூனிட்டின் ஐந்து வாரச் சம்பளத்துக்கு மேல் இருந்த பணத்தைக் கொண்டுபோய், எனக்கு இருந்த கடன்களிலேயே மலிவான கடனில் போட்டிருக்கிறேன்.

வீட்டுக்கடனின் மேலேயே டாப்-அப், அதாவது அதே வீட்டின் பேரில் கூடுதல் கடன், தருகிறோம் என்று வங்கியில் சொன்னார்கள். மனைவி மறுத்துவிட்டார். "ஏனுங்க, மெஷின் நின்னா வித்துப்போடலாம். வீட்டை வித்துட்டு எங்க போய் நிக்கிறது?" என்றார். தனியுடைமைத் தொழிலில் உரிமையாளர் வேறு, தொழில் வேறு என்று சட்டம் பார்ப்பதில்லை. தொழில் கடன் வாராக்கடனானால் என் சொத்துக்கள் எல்லாமே பதில் சொல்ல வேண்டியவைதான். வீட்டுத் தவணை ஒன்று கணக்கில் பணமில்லாமல் திரும்பினாலும் அது, கடன்களை ஒழுங்காகக் கட்டுகிறேனா என்று காட்டும் என் சிபில் அறிக்கையில் ஏறி, தொழில் கடனைப் புதுப்பிக்கும் நாளில் மேலாளரின் மேசைக்கு வந்துவிடும். அப்படியிருக்க, ஏற்கெனவே அடமானத்தில் இருக்கும் வீட்டின் மேல் தொழிலுக்கான கடனையும் நாமாகவே ஏற்ற வேண்டியதில்லை என்பது மனைவியின் வாதம். நானும் ஒப்புக்கொண்டேன்.

அதன் பிறகு, குறு, சிறு நிறுவனம் என்பதற்கான அரசின் உத்யம் பதிவை வைத்து, கேஷ் கிரெடிட் கணக்கு ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். 10 லட்சம் வரையிலான குறு, சிறு தொழில் கடனுக்கு வங்கி அடமானம் கேட்கக் கூடாது என்பது அப்போது ரிசர்வ் வங்கியின் விதியாக இருந்தது. ஆனாலும் கிளையில் முதலில் ஸ்டாக் கணக்கைத்தான் கேட்டார்கள். துணி ஆர்டர் கொடுத்தவருடையது, என்னிடம் ஸ்டாக் என்று நூல்கண்டுகள்தான் இருக்கின்றன, வர வேண்டிய பில்கள்தான் என் சொத்து என்று விளக்கிப் புரிய வைக்க மூன்று முறை அலைந்தேன். 6 லட்சத்துக்கு லிமிட் கிடைத்தது. எடுத்த பணத்துக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டும் வட்டி என்பதால், பில் பணம் வந்ததும் திருப்பிப் போட்டுவிடுகிறேன்.

குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை 45 நாட்களுக்குள்ளும் கொடுக்காமல், மார்ச் 31க்குள்ளும் கொடுக்காமல் விட்டால் அந்தச் செலவை அந்த ஆண்டின் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. மார்ச் மாதத்தில் மட்டும் பில்கள் சற்று விரைவாக வசூலாவதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். மற்ற மாதங்களில் ஆர்டர் கொடுப்பவரிடம் சட்டம் பேசுவது யாருக்கும் கைவராது.

ஜிஎஸ்டிதான் இன்னும் கண்ணை மறைக்கும் பணம். 4 லட்சம் ரூபாய் பில்லில் 5 சதவீதம், அதாவது 20,000 ரூபாய், நம்முடையது அல்ல. ஆனால் பில் பணம் வந்ததா இல்லையா என்று பார்க்காமல், மறுமாதம் 20ஆம் தேதிக்குள் அதைக் கட்டியாக வேண்டும். தாமதித்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. இப்போது பணம் வரும் அன்றே அதைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிடுகிறேன். எனக்கென்று மாதம் 45,000 ரூபாய் சம்பளம் போட்டு எடுத்து, வீட்டுத் தவணையை அதிலிருந்து மட்டுமே கட்டுகிறேன். ஆறு வாரச் சம்பளத்துக்கான பணம் சேரும் வரை அசலில் கூடுதலாக ஒரு ரூபாயும் கட்டுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அது சேர இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

2025இல் ரெப்போ விகிதம் படிப்படியாக இறங்கியபோது, தவணையைக் குறைத்துக்கொள்கிறீர்களா என்று வங்கியில் கேட்டார்கள். அதே 19,382 ரூபாயே இருக்கட்டும், காலத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சம்பள நாள் என்பதால் யூனிட்டுக்குத் திரும்பினேன்.