தலை நிற்காத குழந்தைக்குக் கார் சீட்டின் சாய்வு: நாங்கள் சரிசெய்த விதம்

குழந்தை சீட்டைக் காரின் பின் இருக்கையில் பின்பக்கம் பார்த்தபடி வைத்து, பெல்ட்டை இழுத்து இறுக்கிவிட்டு, பக்கவாட்டில் குனிந்து பார்த்தேன். சீட்டின் ஓரத்தில் கண்ணாடி மாதிரி ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. அதற்குள் ஒரு குண்டு உருளும். பிறந்த குழந்தையை உட்கார வைக்கும்போது அந்தக் குண்டு பச்சைப் பகுதியில் நிற்க வேண்டும் என்கிறது மேனுவல். எங்கள் காரில் அது சிவப்பில் போய் நின்றது. சீட் தேவையானதைவிட நிமிர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மனைவிக்கு அப்போது ஒன்பதாம் மாதம் தொடக்கம். நாள் இருந்ததால் நிதானமாகச் சரிசெய்ய முடிந்தது. இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

இந்தச் சாய்வுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தையின் நீளத்தில் ஏறக்குறைய கால்வாசி தலைதான். பின்மண்டை வேறு புடைத்திருக்கும். அந்தக் கனத்தைத் தாங்கும் வலு கழுத்துக்கு இன்னும் வந்திருக்காது. சீட் நிமிர்ந்திருந்தால், தூங்கும்போது தலை முன்னால் தொங்கித் தாடை நெஞ்சில் முட்டும். குழந்தையின் மூச்சுக்குழல் குறுகலானது, மிருதுவானது. செடிக்குத் தண்ணீர் விடும் டியூப் மடிந்தால் அடைத்துக்கொள்வது போல அதுவும் அடைத்துக்கொள்ளும். சத்தமே வராமல் இது நடக்கலாம். முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்குக் குழந்தை அசந்து தூங்குவது போலத்தான் தெரியும்.

அப்படியானால் நன்றாகப் படுக்க வைத்துவிடலாமே என்றால், அதுவும் கூடாது. கார் முன்னால் மோதும்போது சீட்டின் முதுகுப்பகுதி குழந்தையின் தலை, கழுத்து, முதுகு எல்லாவற்றையும் சேர்த்துத் தாங்கி, அடியைப் பரவலாக வாங்கிக்கொள்ள வேண்டும். பின்பார்த்து வைப்பதே அதற்காகத்தான். அளவுக்கு மீறிச் சாய்ந்திருந்தால் குழந்தை தலைப்பக்கமாக வழுக்கி மேலே ஏறும். மொத்த வேகத்தையும் தோளில் இருக்கும் பெல்ட்தான் பிடிக்க வேண்டியிருக்கும். அதனால் பிறந்த குழந்தைக்குப் பொதுவாக 45 டிகிரியை ஒட்டி, ஆனால் அதைத் தாண்டாமல் வைக்கச் சொல்கிறார்கள். தலை நின்ற பிறகு கொஞ்சம் நிமிர்த்தலாம். எந்த சீட் வாங்கினீர்களோ அந்த மேனுவல் என்ன சொல்கிறதோ அதுதான் முடிவு.

சரி, குண்டு சிவப்பில் நிற்கிறது. சீட்டின் சாய்வை மாற்றும் லீவரில் கை வைப்பதற்கு முன்னால் தரையைப் பார்க்க வேண்டும். நங்கநல்லூரில் எங்கள் அபார்ட்மெண்டில் தரைத்தளம் முழுக்கப் பார்க்கிங். மழைத் தண்ணீரும் கழுவிவிடும் தண்ணீரும் கேட் பக்கம் ஓடட்டும் என்று வாட்டம் கொடுத்துத்தான் தளம் போட்டிருக்கிறார்கள். சென்னையில் பல அபார்ட்மெண்டுகளில் இப்படித்தான். அந்த வாட்டத்தில் வண்டி நிற்கும்போது குண்டு காட்டுவதை நம்ப முடியாது.

அந்தச் சமயம் முதல் மாடியில் பாத்ரூம் டைல்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார்கள். கொத்தனாரிடம் ரசமட்டத்தைக் கொஞ்ச நேரம் கேட்டேன். எதற்கு என்று சொன்னதும் அவரே எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டார். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் தரையில் வைத்தார். குமிழி கோட்டைத் தாண்டிச் சுவர் பக்கம் ஓடியது. ரசமட்டத்தைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். குமிழி நடுவில் வந்து அசையாமல் நின்றது. "வாட்டம் கேட் பக்கம் மட்டும்தான் சார் இருக்கு. வண்டிய குறுக்க நிறுத்துங்க, முன்னும் பின்னும் மட்டமாயிரும்" என்றார். சுத்தமான மட்டத் தரையைத் தேடி அலைய வேண்டியதில்லை. வண்டியின் நீளவாக்கில் மட்டமாக இருந்தால் போதும். பக்கத்துப் பார்க்கிங் காலியாக இருந்ததால் இரண்டு இடத்தையும் சேர்த்துக் குறுக்கே நிறுத்தினேன். குண்டு பச்சைப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தது, ஆனாலும் உள்ளே போகவில்லை. அந்தக் கொத்தனாருக்கு நான் பெரிய நன்றி சொல்ல வேண்டும்.

அடுத்தது சீட் கவர். கார் வாங்கிய கையோடு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் போட்ட தடிமனான ரெக்சின் கவர், உள்ளே ஸ்பாஞ்ச். அதன் மேல் குழந்தை சீட்டை வைத்தால் வழுக்குகிறது, அழுத்தினால் அமுங்குகிறது, விட்டால் எழும்புகிறது. இறுக்கமும் நிற்காது, சாய்வும் நிற்காது. பின் இருக்கைக் கவரை மட்டும் கழற்றி வைத்துவிட்டோம். எங்கள் வண்டி பழையது, பெல்ட் இல்லாமல் குழந்தை சீட்டை நேராகக் காரில் மாட்டும் ஐசோஃபிக்ஸ் வசதி கிடையாது. உங்கள் வண்டியில் இருந்தால், கவர் அந்தக் கொக்கி மாட்டும் கம்பிகளை மூடியிருக்கிறதா என்று இடுக்கில் கைவிட்டுத் தடவிப் பாருங்கள்.

இனி பெல்ட். ஆர்44 என்ற பாதுகாப்புத் தர முத்திரை உள்ள குழந்தை சீட்களில் பின்பார்த்து மாட்டும்போது பெல்ட் போகும் வழிக்கு நீல நிறம், முன்பார்த்து மாட்டும் வழிக்குச் சிவப்பு. நீல வழியில் பெல்ட்டை விட்டு, சீட்டை முழுச் சாய்வு நிலைக்கு லீவரால் இறக்கி, உள்ளங்கையை ஊன்றி உடம்புக் கனத்தைப் போட்டு அழுத்திக்கொண்டே இழுத்தேன். நம்மூர்க் கார்களின் பெல்ட் பெரும்பாலும் திடீரென்று இழுத்தால்தான் பூட்டிக்கொள்ளும். மெதுவாக இழுத்தால் வந்துகொண்டே இருக்கும். அதனால் சீட்டிலேயே உள்ள கிளிப்பைப் போட்டுப் பெல்ட்டைப் பிடிக்க வைக்க வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனித்தேன். இறுக்குவதற்கு முன் பச்சையில் இருந்த குண்டு, இறுக்கியதும் சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் வந்துவிட்டது. காரின் பின் இருக்கை, உட்காருகிறவர் முன்னால் வழுக்காமல் இருக்க, முதுகுப் பக்கம் தாழ்வாகத்தான் இருக்கும். பின்பார்த்த குழந்தை சீட்டின் கால்பக்கம் அந்தப் பள்ளத்தில்தான் உட்காருகிறது. இறுக்க இறுக்கக் கால்பக்கம் இன்னும் அமுங்கும், தலைப்பக்கம் நிமிரும். அதனால் சாய்வை எப்போதுமே இறுக்கி முடித்த பிறகு பாருங்கள்.

மிச்சம் இருந்த அந்தக் கொஞ்சத்துக்குத்தான் துண்டு. காரின் இருக்கையும் முதுகும் சேரும் இடுக்கில் சுருட்டிய துண்டு வைத்துக் கால்பக்கத்தை உயர்த்தலாம் என்று எங்கள் மேனுவலில் படம் போட்டே இருந்தது. எல்லா சீட்டுக்கும் இந்த அனுமதி இல்லை. மேனுவலில் இல்லையென்றால் கம்பெனியிடம் கேட்காமல் எதையும் அடியில் வைக்கக் கூடாது. டர்க்கி டவலைவிட ஈரிழைத் துண்டு இதற்கு நல்லது. டர்க்கி டவல் பஞ்சு போல அமுங்கிப் போகும். ஈரிழைத் துண்டை நீளவாக்கில் மடித்து, இறுக்கிச் சுருட்டி, இரண்டு முனையிலும் நூல் கட்டினால் கட்டை மாதிரி நிற்கும். அதை இடுக்கில் வைத்து, சீட்டை மேலே ஏற்றி, மறுபடி அழுத்தி இறுக்கினேன். குண்டு பச்சைக்குள் வந்து நின்றது. பெல்ட் போகும் இடத்தில் சீட்டைப் பிடித்து இடவலமாகவும் முன்பின்னாகவும் ஆட்டினேன். ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது என்பது கணக்கு, அதற்குள்தான் அசைந்தது. தலைப்பக்கத்தைப் பிடித்து ஆட்டிப் பார்க்காதீர்கள், அது கொஞ்சம் ஆடத்தான் செய்யும்.

சாய்வு கூடினால் சீட் முன்பக்கம் நீளமாக இடம் பிடிக்கும். சின்னக் கார் என்பதால் முன்னால் இடது சீட்டை நன்றாக முன்தள்ள வேண்டியிருந்தது, அதில் பெரியவர் யாரும் வசதியாக உட்கார முடியாது. ஆனாலும் இடதுபக்கம்தான் வைத்தோம். நடைபாதை ஓரமாக நிறுத்திப் பாப்பாவைத் தூக்க வசதி. முன் சீட்டில் வைத்துவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஏர்பேக் வேலை செய்யும் சீட்டில் பின்பார்த்து வைக்கவே கூடாது. ஏர்பேக் விரியும் வேகம் நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னால் அறையும்.

டிஸ்சார்ஜ் அன்று கீழ்ப்பாக்கத்தில் இருந்து வீடு வரவேண்டும். அத்தைக்கு மனசே இல்லை. "மாப்பிள்ளை, தலை நிக்காத புள்ளைய இப்படித் தனியா வைக்கிறதுக்கு நான் மடியில வச்சுக்கிட்டு வரேனே" என்றார்கள். அவர்கள் சொன்னது அன்பில்தான். "அத்தை, தலை நிக்கலைன்னுதான் இந்தச் சாய்வே. ஐம்பதுல போற வண்டி மோதினா எவ்வளவு பலமான கையா இருந்தாலும் பிடிக்க முடியாது" என்றேன். சரி என்று ஒத்துக்கொண்டவர்கள், தலைக்குக் கீழே வைக்கக் கடுகுத் தலையணையைப் பையில் இருந்து எடுத்தார்கள். அதுவும் வேண்டாம் என்றேன். பின்மண்டைக்குக் கீழே எது வந்தாலும் தலை முன்னால் தள்ளும், இத்தனை பாடுபட்டு வைத்த சாய்வு வீணாகிவிடும். சீட்டோடு வந்த துணி மெத்தை மட்டும் போதும். போர்த்துவதானால் பெல்ட் போட்ட பிறகு மேலே போர்த்தலாம். துணியில் சுற்றிவிட்டு அதற்கு மேல் பெல்ட் போட்டால் பெல்ட் உடம்பைப் பிடிக்காது. அத்தை தன் பழைய பருத்திப் புடவையை மேலே போர்த்திவிட்டார்கள்.

மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, பாப்பாவின் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு விரல் போகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். அண்ணா சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று புறப்பட்டபோதும், கத்திப்பாரா மேம்பாலத்து வளைவிலும் விரலுக்கு இடம் இருந்தது. தலை பக்கவாட்டில் கொஞ்சம் சாய்ந்தது, அது பரவாயில்லை. முன்னால் தொங்காமல் இருந்தால் சரி.

முதல் மாதங்களில் நீண்ட பயணம் வைத்துக்கொள்ளவில்லை. பிறகு விழுப்புரம் போனபோது மேல்மருவத்தூர் பக்கம் நிறுத்தி, சீட்டில் இருந்து தூக்கி, படுக்கவைத்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கிளம்பினோம். எவ்வளவு சரியாக வைத்தாலும் இது தூங்குவதற்கான படுக்கை இல்லை. வீடு வந்ததும் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம் என்று சீட்டிலேயே விட்டுவிடக் கூடாது.

வண்டியைக் கழுவக் கொடுத்தாலோ சர்வீஸ் போய் வந்தாலோ குண்டை மறுபடி பார்த்துவிடுவேன். ஒருமுறை சீட்டைக் கழற்றி மாட்டியிருந்தார்கள்; துண்டு டிக்கியில் கிடந்தது. மே மாத வெயிலில் பக்கிளின் உலோகப் பகுதியையும் தொட்டுப் பார்க்க வேண்டும், சுட்டுவிடும். வெயிலில் நிறுத்தினால் சீட் மேல் ஒரு வெள்ளை வேட்டியைப் போட்டு வைக்கிறோம்.

தலை நன்றாக நின்று, தானாக நிமிர்ந்து வேடிக்கை பார்க்கத் தொடங்கிய பிறகு, மேனுவலில் உள்ள அடுத்த நிலைக்கு நிமிர்த்தித் துண்டையும் எடுத்துவிட்டேன். முன் சீட்டிலும் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் கிடைத்தது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம். எந்தப் பக்கம் பார்த்து, எவ்வளவு சாய்த்து என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது பாப்பாவுக்கு ஒரு வயது தாண்டிவிட்டது. கால் நீண்டு காரின் முதுகில் இடிக்கிறது, முன்பக்கம் திருப்பிவிடலாமே என்று பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள். கால் மடங்கியிருப்பதில் ஆபத்து இல்லை, அவளே சம்மணம் போட்டுக்கொள்கிறாள். எங்கள் சீட் பின்பார்த்து 13 கிலோ வரை தாங்கும். அந்த எடை வரும்வரை, அல்லது தலை சீட்டின் மேல்விளிம்பைத் தொடும்வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை, அவள் பின்பார்த்துத்தான் வருவாள்.