சாமா ஆற்றங்கரை மடத்தில்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், அபிக்யூ என்னும் சிற்றூரைக் கடந்து, நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் 13 மைல் மண்சாலையில் சென்றால், சாமா ஆற்றுப் பள்ளத்தாக்கில் ‘பாலைவனத்தில் கிறிஸ்து’ என்ற பெயர் கொண்ட ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) சபைத் துறவிகளின் மடம் இருக்கிறது. 1964இல் தொடங்கப்பெற்ற இம்மடத்துக்குத் துறவுப் பயிற்சிக்காகப் புதுச்சேரியிலிருந்து வந்தேன். மழை பெய்தால் சாலையின் களிமண் சக்கரங்களைப் பற்றிக்கொள்ளும். மளிகைச் சாமான் வாங்கப் போவதென்றாலும் அது காயும்வரை பொறுத்திருக்க வேண்டும். மின்கம்பிகள் எட்டாத இடமாதலால் சூரிய ஒளியிலிருந்து பெறும் மின்சாரத்தையே நம்பியிருக்கிறோம். பாலைவனம் என்றாலும் கடல்மட்டத்துக்கு 6,000 அடிக்கும் மேலே இருப்பதால் குளிர்காலத்தில் பனி பொழிகிறது.

விடியற்காலை 4 மணிக்கு, விண்மீன்கள் மறையுமுன், முதல் வழிபாடு தொடங்குகிறது. ஊரில் பங்குக் கோயிலின் ஒலிபெருக்கியோடு வளர்ந்த எனக்கு, வாத்தியம் அடக்கமாகவும் குரல்கள் ஒன்றாகவும் ஒலிக்கும் கிரகோரியன் இசையில் திருப்பாடல்களைப் பாடப் பழகுவதே முதற்பெரும் பயிற்சியாக இருந்தது. உணவு வேளையில் யாரும் பேசுவதில்லை. ஒருவர் நூலொன்றை உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டபடி உண்கிறோம். வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்த சகோதரர்களிடையே, சாதத்துக்கு ஏங்குபவன் நான் ஒருவன் மட்டுமில்லை என்பது பெரிய ஆறுதல்.

காலை நேரம் வேலைக்குரியது. குசினி, தோட்டம், விருந்தினர் அறைகள் என மாறி மாறிப் பணி தரப்படுகிறது. மடத்தின் கருவிகளையும் உடைமைகளையும் பீடத்தின் திருப்பாத்திரங்களாகவே கருத வேண்டும் என்று 6ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் எழுதிய ஒழுங்குநூலின் 31ஆம் அதிகாரம் சொல்கிறது. மண்வெட்டியைக் கழுவித் துடைத்து வைக்கும்போதெல்லாம் அந்த வரி நினைவுக்கு வருகிறது. வழிபாட்டு மணி ஒலித்ததும் கையிலிருப்பதை அப்படியே விட்டுவிட்டு விரைய வேண்டும் என்கிறது 43ஆம் அதிகாரம். பாத்தி பாதியில் நிற்கும். களைகள் அப்படியே கிடக்கும். எடுத்த வேலையை முடித்துவிட்டே எழ வேண்டும் என்று வளர்க்கப்பட்டவனுக்கு, இது குளிரைவிடக் கடினமாக இருந்தது. ஆயினும் இந்த இடையீடுதான் என்னை இந்த மண்ணில் நிலைக்கச் செய்தது என்று உறுதியாக நம்புகிறேன்: வேலையின் அளவைக் கொண்டு இங்கே யாரும் என்னை மதிப்பிடவில்லை.

மடத்தின் கோயிலை வடிவமைத்தவர் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் நகாஷிமா. 1930களின் இறுதியில், புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் ‘கோல்கொண்டா’ விடுதிக் கட்டுமானத்தை மேற்பார்வையிட்டவரும் அவரே. கடற்காற்று உள்ளே வரும்படி பலகணித் தட்டிகள் அமைந்த அந்தக் கட்டடத்தின் வெளிச்சுவரை ஒட்டி எத்தனையோ முறை நடந்திருக்கிறேன். இங்கே செம்பாறைச் சரிவுகளின் முன்னே அவர் எழுப்பிய மண்நிறச் சுவர்களுக்குள், உயரத்துச் சாளரங்கள் வழியே காலை வெளிச்சம் இறங்கும் நேரத்தில்தான் நாங்கள் திருப்பலிக்குக் கூடுகிறோம்.