பேரிக்காய் மரத்து ஆணி

கொடைக்கானல் மலைக் கிராமமான பூம்பாறையில் பெரியப்பா வீட்டுப் பேரிக்காய் மரத்தில் ஓர் ஆணி. அதில் பழைய பால் பாக்கெட் உறை. உறைக்குள் அவருடைய கைப்பேசி.

"சிக்னல் அங்கேதான் வரும், எடுத்துவிடாதே!" என்று பாத்தியிலிருந்தே சத்தம் போட்டார்.

வீட்டுக்குள் ஒரு கோடுகூட இல்லை. மரத்தில் இரண்டு.

வடுகபட்டி பூண்டு மண்டியிலிருந்து குரல் செய்தி வந்தது. மண் ஒட்டிய கட்டைவிரலைத் திரை மதிக்கவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

விவசாயிகளுக்காக 2018-இல் வந்த தமிழக அரசின் உழவன் செயலியைப் போன முறை நான்தான் ஏற்றிக் கொடுத்தேன். சந்தை விலை, வானிலை, மானியம் எல்லாம் தமிழிலேயே இருக்கிறது. பார்த்தீர்களா என்றேன்.

"அது திறப்பதற்குள் வண்டி மலை இறங்கிவிடுகிறது, தம்பி."

செயலி செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை இந்த மரத்தடியில் நின்று ஒருமுறை திறந்து பார்த்திருக்கலாம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அதை விளைவிப்பவருக்கு அன்றைய விலை கிடைக்கத்தான் ஆணி வேண்டியிருக்கிறது.

நான் கிளம்பும்போது பக்கத்து வீட்டுப் பையன் அதே மரத்தில், சற்று உயரத்தில், இன்னோர் ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.