பேஸ்மென்ட் ஜன்னலில் ஒரு பூனை

நாங்கள் கனடாவில் வந்து இறங்கியது 2018 நவம்பரில், ஒரு வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை கண் விழித்துப் பார்த்தால் ஊர் முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. மேகமூட்டமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு விளக்கைப் போட்டேன். மறுநாளும் அப்படியே. அம்மாவிடம் போனில் சொன்னதற்கு, "கடிகாரத்தை மாத்தினா பொழுது மாறிடுமாடி?" என்று கேட்டாள். கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டால் நியாயமான கேள்விதான்.

அம்மாவுக்கு இன்றுவரை இந்தக் கணக்கு பிடிபடவில்லை. காலையில் குளித்து, விளக்கேற்றி, காபி குடித்து முடித்து ஒன்பதரைக்குத்தான் என்னைக் கூப்பிடுவாள். குளிர்காலத்தில் அது எங்களுக்கு முந்தின நாள் இரவு பதினொன்று. பாத்திரமெல்லாம் கழுவிவிட்டு நானும் காத்திருப்பேன். மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளியதும், அதே ஒன்பதரை எங்களுக்கு நடுராத்திரி பன்னிரண்டு ஆகிவிடும். தூங்கிப்போயிருப்போம். போன் அடிக்கும். அது அம்மாதான் என்று தெரிவதற்குள் வயிறு ஒருமுறை புரண்டு அடங்கும். "என்னடி, தூங்கிட்டியா? அங்க பதினொண்ணுதானே?" என்பாள் அம்மா, சாவகாசமாக.

வயிறு புரளக் காரணம் உண்டு. அப்பா போன செய்தி அப்படித்தான் வந்தது, 2020 மே மாதம். மார்ச் மாதமே விமானங்கள் நின்றுபோயிருந்தன. தம்பி போனைப் பிடித்துக்கொண்டிருக்க, அப்பாவை வீட்டிலிருந்து எடுத்துப்போனதை இந்தப் பேஸ்மென்டில் உட்கார்ந்து பார்த்தேன். நடுவில் படம் உறைந்து நின்றுவிட்டது. எந்த இடத்தில் நின்றது என்பதை எழுத விருப்பமில்லை. ஆனால் அதற்கப்புறம், வேளைகெட்ட வேளையில் போன் அடித்தால் அதை எடுப்பது என் கணவர்தான்.

பேஸ்மென்ட் என்றேன். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு வீட்டின் தரைக்குக் கீழே, தனிச் சமையலறையோடு இரண்டு அறை. வெயில் வருவதற்குக் கூரையை ஒட்டி இரண்டு சின்ன ஜன்னல்கள். வீட்டுக்காரர் மாடியில் இருந்தார், யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளில் வந்தவர். நான் ‘ஆன்ட்டி’ என்று கூப்பிடுவேன். அவர் எழுதினால் அது ‘அன்ரி’. குப்பை எடுக்கும் நாள் பற்றி எங்களுக்கு ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தார். நாங்கள் டொராண்டோ என்று எழுதுவதை அவர் ‘ரொறன்ரோ’ என்று எழுதியிருந்தார். முதல் தடவை அதைப் பார்த்தபோது வேறு ஏதோ ஊர் என்றே நினைத்தேன். ரிவி, ரெலிபோன், ரோச் லைற். வாயால் சொல்லும்போது நமக்குப் பழகிய ‘ட’தான் வருகிறது, எழுத்தில் மட்டும் ‘ர’வும் ‘ற’வும். ஒரு மாதத்தில் கண் பழகிவிட்டது. காது பழகத்தான் நாளாயிற்று. இந்த ஊர் ஆங்கிலத்தைப் புரிந்துகொள்ளப் பயந்துகொண்டு வந்தவள், முதலில் திண்டாடியது தமிழில்.

சீடர்ப்ரே நூலகத்தில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். (பாருங்கள், ‘விளங்கும்’ என்று எழுதுகிறேன்.) மார்க்கம் ரோடில் 102ஆம் எண் பஸ் பிடித்தால் போய்விடலாம். அங்கே தமிழ்ப் புத்தகங்களுக்கென்று தனியாக அடுக்கு உண்டு. அட்டைக்குப் பணம் கிடையாது, புத்தகம் 21 நாள் வைத்துக்கொள்ளலாம். 2022 மார்ச்சில் தாமதக் கட்டணத்தையும் எடுத்துவிட்டார்கள். வேலை கிடைக்காமல் இருந்த முதல் குளிர்காலத்தை நான் அந்த அடுக்கை வைத்துத்தான் ஓட்டினேன். கதைப் புத்தகங்களெல்லாம் தீர்ந்து, ஒருநாள் சென்னையில் அச்சான சமையல் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தேன். எனக்கு முன்னால் அதை எடுத்துப்போன யாரோ பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்கள். சோம்பு என்று அச்சிட்ட இடத்தில் பொடி எழுத்தில் ‘பெருஞ்சீரகம்’. சீரகத்துக்கு மேல் ‘நற்சீரகம்’. துருவிய தேங்காய்க்கு ‘தேங்காய்ப்பூ’. புளிக்கு ‘பழப்புளி’. காய்ந்த மிளகாய்க்கு ‘செத்தல்’.

நூலகப் புத்தகத்தில் கிறுக்குபவர்கள்மேல் எனக்குப் பொதுவாகக் கோபம் வரும். இந்தப் பென்சில்காரர்மேல் வரவில்லை. தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துக்கொண்டு சாம்பார் வைத்திருக்கிறார், பாவம். சாம்பாருக்குக் கீழே ‘உப்புக் காணாது’ என்று எழுதியிருந்தது. அச்சில் உப்பு விட்டுப்போயிருக்கிறது போல என்று மேலே தேடினேன். இருந்தது, ‘தேவையான அளவு’ என்று. அப்புறம் எதற்கு இவருக்குக் காணவில்லை? ஆன்ட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சிரித்து முடிக்க அவருக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. "காணாது எண்டா போதாது பிள்ளை." நீங்கள் எழுதியதா என்று கேட்டேன். "நான் புத்தகத்திலை கிறுக்கிறேல்லை" என்றார், சற்றே கோபமாக.

பூனை வந்தது 2021இல். அப்பாவுக்குப் பிறகு வீடு நிசப்தமாகிவிட்டிருந்தது. வீட்டிலிருந்தே வேலை, இருவரும் ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு திரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு பூனை இருந்தால் நன்றாக இருக்கும் என்று சொன்னது கணவர்தான். வீட்டு ஒப்பந்தத்தில் பிராணி கூடாது என்று ஒரு வரி இருந்தது. அலுவலகத்தில் ஒருவர், ஒன்டாரியோ மாகாண வாடகைச் சட்டப்படி அந்த வரி செல்லவே செல்லாது என்றார். தேடிப் படித்தேன், உண்மைதான். ஆனால் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆன்ட்டி முகத்தில் எப்படி விழிப்பது? கேட்டோம். "நாய் எண்டா யோசிக்கோணும். பூனை தானே" என்றுவிட்டார்.

காப்பகத்தில் விண்ணப்பம் நாலு பக்கம். பூனையை எத்தனை மணி நேரம் தனியாக விடுவீர்கள், வெளியே விடுவீர்களா, இதற்கு முன் வளர்த்த பிராணிகள் என்ன ஆயின. எங்கள் வீட்டில் பூனையை யாரும் வளர்த்ததில்லை. அது கொல்லைப்பக்கம் வரும், போகும், ஒருநாள் வராது. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? கடைசிப் பக்கத்தில், உங்களால் முடியாமல் போனால் பூனையை யார் பார்த்துக்கொள்வார்கள், பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதவும் என்றிருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஒரு பூனையை நம்பிக் கொடுக்க எங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், எழுத ஒரு பெயர் இல்லை. கணவர் தாளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். திரும்பி வந்தபோது அந்தக் கட்டத்தில் ஆன்ட்டியின் பெயரும் எண்ணும் இருந்தன, அவர் கையெழுத்திலேயே.

கறுப்புப் பெண் பூனை. மிளகு என்று பெயர் வைத்தோம். ஆன்ட்டிக்கு அது முதல் நாளிலிருந்து ‘பூஸ்’தான். இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கும். பூனைக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும், மாநகராட்சியில் லைசென்ஸும் எடுக்க வேண்டும். அம்மாவுக்கு இது பெரிய வேடிக்கை. "பூனைக்கு லைசென்ஸா? உங்க மாமா முப்பது வருஷமா டிவிஎஸ் ஃபிப்டி ஓட்டுறாரு, அவருக்கே கிடையாது."

தடுப்பூசிக்குப் போன இடத்தில்தான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. இங்கே கிளினிக்கில் பிராணிகளை வீட்டுக்காரர்களின் குடும்பப் பெயரோடு சேர்த்துப் பதிவு செய்கிறார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? என் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் இருப்பது அப்பாவின் பெயர். கூடத்தில் நாலைந்து பேர் நாயும் பூனையுமாக உட்கார்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து ஒரு பெண் கதவைத் திறந்து, "மிலாகூ" என்று சொல்லி, அதோடு அப்பாவின் பெயரை, ஒவ்வொரு அசையாக உடைத்து, சத்தமாகக் கூப்பிட்டார். அப்பா பூனையைக் கண்டால் செருப்பை எடுப்பவர். பால் பாத்திரத்தை உருட்டிவிட்டதற்காகக் கொல்லை வேலி வரை ஒன்றைத் துரத்திக்கொண்டு ஓடியதை நானே பார்த்திருக்கிறேன். அவருடைய பெயர் இப்போது ஒரு பூனைக்கு. எழுந்து போகும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே போய், டாக்டர் மேசையில் கூடையை வைத்ததும் அழுதுவிட்டேன். ஊசிக்குப் பயந்து அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். பெட்டியோடு டிஷ்யூ கொடுத்தார்கள்.

மிளகு வீட்டைப் புரிந்துகொண்டது வேகமாகத்தான். எண்ணெயில் கடுகு போட்டால் இந்த வீட்டில் புகை அலாரம் அலறும், ஐந்துக்கு மூன்று தடவை. கரண்டியைக் கையில் எடுத்தாலே அது கட்டிலடியில் போய்விடும். அதன் கழிவு மண்ணைக்கூட, சாப்பாட்டுக் கழிவு போடும் பச்சைத் தொட்டியில் போடலாம் என்பது ஆன்ட்டி சொல்லித்தான் தெரியும். பச்சைத் தொட்டி வாரா வாரம்; மற்றதெல்லாம் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். அந்தத் தொட்டியின் மூடிக்கு, ராத்திரியில் குப்பையைக் கிளற வரும் ரக்கூன் என்ற பிராணி திறக்க முடியாதபடி ஒரு பூட்டு வைத்து மாநகராட்சியே கொடுத்திருக்கிறது. ரக்கூன்களுக்கு அது தெரியாது போலிருக்கிறது.

2022 ஜனவரியில் ஒருநாள் ராத்திரி. மைனஸ் பதினாலு. அப்போதுதான் பனி பெய்து ஓய்ந்திருந்தது. கணவர் இரண்டு கையிலும் மளிகைப் பைகளோடு பக்கவாட்டுக் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு வந்தார். சாப்பாட்டுக் கிண்ணத்தைத் தட்டிய பிறகுதான் மிளகு வீட்டில் இல்லை என்று தெரிந்தது.

ஊரில் பூனையைத் தேடினேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். இங்கே நான் வீட்டுச் செருப்போடு ஓடினேன். பனியில் தடம் இருந்தது. பூனை முன்கால் பதித்த குழியிலேயே பின்காலையும் வைக்கும். நாலு கால் நடந்தாலும் இரண்டு கால் நடந்த மாதிரிதான் தெரியும். புள்ளிக் கோலம் போடுவதற்கு முன் வைத்த புள்ளிகள் போல வேலியோரம் போயிற்று. அடுத்த வீட்டுக் காருக்கு அடியில் நுழைந்து, மறுபக்கம் வெளிவந்தது. அங்கே ரக்கூன் தடம் குறுக்கே வந்திருந்தது, கைக்குழந்தை உள்ளங்கையைப் பதித்தது மாதிரி, ஐந்து விரலோடு. எனக்குக் கால் நடுங்கியது குளிராலா என்று தெரியவில்லை.

ஆன்ட்டி இரவு உடுப்புக்கு மேல் பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். ஒரு கையில் ரோச் லைற். இன்னொரு கையில் தட்டு, தட்டில் பொரித்த நெத்தலிக் கருவாடு. "பூஸ், பூஸ்" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டுக்கொண்டு நடந்தார். எதிர்வீட்டுச் சீனத்துப் பெரியவர் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, ஒன்றும் கேட்காமல் அவரும் தன் வீட்டு மரத் தளத்துக்கு அடியில் குனிந்து பார்த்தார். கணவர் தெருமுனை வரை போய் வந்தார். முக்கால் மணி நேரம். விரல்நுனி செத்துப்போய் ஒன்றையும் பிடிக்க முடியவில்லை. கையுறை எடுக்க உள்ளே வந்தேன்.

சமையலறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கூரையை ஒட்டிய அந்த ஜன்னலுக்கு வெளியே அரைவட்டத் தகரம் வைத்து ஒரு குழி இருக்கும், மண் சரியாமல் இருக்க. அந்தக் குழிக்குள் பனிமேல் கால் நாலையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு மிளகு உட்கார்ந்திருந்தது. கண்ணாடி வழியாக அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. எத்தனை நேரமாக என்று தெரியாது. தெருவெல்லாம் சுற்றி எங்களைத் தேடவிட்டு, அது வீட்டை மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் வந்து நின்றதும் வாயைத் திறந்தது. கண்ணாடி தடுத்ததில் சத்தம் கேட்கவில்லை.

தூக்கி வந்து பாதத்தை வெந்நீர்த் துணியால் துடைத்தேன். பனி உருகத் தெருவில் போடும் உப்பு விரலிடுக்கில் ஒட்டியிருக்கும், நக்கினால் ஆகாது. கருவாட்டை அது தொடவே இல்லை. "குளிருக்குள்ளை நிண்டு பொரிச்சனான்" என்று ஆன்ட்டிக்குத்தான் வருத்தம். மிச்சத்தை அவரும் நாங்களும் சோறு போட்டுச் சாப்பிட்டோம். மணி பதினொன்று ஆகியிருந்தது. போன் அடித்தது, நானே எடுத்தேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, அது சாப்பிட்டுச்சா?" என்றாள். அன்றிலிருந்து முதலில் பூனையைத்தான் விசாரிக்கிறாள். எங்களைப் பற்றிய கேள்வி அதற்குப் பின்னால்.

போன சனிக்கிழமை காலை அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். கணவர் தமிழ்க் கடையிலிருந்து இன்னொரு போனில் கூப்பிட்டார். பட்டியலில் நான் எழுதிக் கொடுத்ததில் ஒன்று கிடைத்ததா என்று கேட்க வேண்டியிருந்தது. அம்மா லைனில் இருப்பதை மறந்து, "செத்தலா, இல்லையா? சரியாப் பார்த்துச் சொல்லுங்க" என்றேன்.

இந்தப் பக்கம் அம்மா அலறினாள். "ஐயோ, யாருடி? பூனையா?"