1994இல் 132, இன்று 132: கோடு நகர்ந்த கதை

1995 யாழ்ப்பாண இடம்பெயர்விலும் தொலையாமல் வந்த பழைய றிப்போட்டுகள் சிலரின் கிளினிக் கொப்பிக்குள் இன்னும் இருக்கும். 1994இல் வெறும் வயிற்றில் இரத்தச் சீனி 132 (டெசிலீற்றருக்கு மில்லிகிராம்), பக்கத்தில் "சலரோகம் இல்லை". எழுதினவர் பிழைவிடவில்லை. அன்றைய சலரோகக் கோடு 140 (லீற்றருக்கு 7.8 மில்லிமோல்). அதே 132 இன்று சலரோகம்.

வெறும் வயிற்றில் 140ஐத் தொடாத பலருக்கும் குளுக்கோசு குடித்த 2 மணித்தியால அளவு ஏற்கெனவே 200ஐத் தாண்டியிருந்தது. விழித்திரைச் சேதமும் 140க்குக் கீழேயே தலைகாட்டியது. அதனால் 1997இல் அமெரிக்கச் சலரோகச் சங்கம் கோட்டை 126க்கு (7.0) இறக்க, 1999இல் உலக சுகாதார நிறுவனமும் ஏற்றது. 2003இல் அமெரிக்கர் சாதாரண அளவின் மேல்வரம்பையும் 110இலிருந்து 100க்குக் குறைத்தார்கள். உலக நிறுவனம் 110இலேயே நின்றுவிட்டது. 104 வந்தவரை ஒரு இடம் "எல்லைக்கோட்டில்" என்பதும், இன்னொரு இடம் "சாதாரணம்" என்பதும் இதனால்தான். லாப்பைத் திட்டிப் பயனில்லை.

இழுபறியாக இருந்தால் குளுக்கோசுப் பரிசோதனைதான் வழி. பரிசோதனைக்கு முந்தின மூன்று நாளும் புட்டு, இடியப்பம், சோறு வழமைபோல் சாப்பிடுங்கள். பயத்தில் மாப்பொருளைக் குறைத்தால் அளவு பொய்யாக ஏறும். இரவு 8 மணித்தியாலமாவது பட்டினி. விடியப் பிளேன்ரீயும் கூடாது, சீனி போடாவிட்டாலும்தான். வெறும் தண்ணீர் குடிக்கலாம். 75 கிராம் குளுக்கோசைத் தராசில் நிறுத்து (நீர் சேர்ந்த பவுடரென்றால் 82.5), 250 முதல் 300 மில்லிலீற்றர் தண்ணீரில் கரைத்து 5 நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். கரண்டிக் கணக்கு சரிவராது. முதல் மிடறிலிருந்து நேரம் ஓடும். இரண்டாவது இரத்தம் 120ஆவது நிமிடத்தில். இடையில் சந்தைக்கு ஒருக்கால் போய்வரலாமென்று எழும்பாதீர்கள். நடந்தால் அளவு இறங்கும். சத்தி எடுத்தால் அன்றைய பரிசோதனை கணக்கில்லை, வேறொரு நாள்தான். 200உம் அதற்கு மேலும் சலரோகம், 140 முதல் 199 வரை முன்நிலை. அறிகுறி இல்லாதவருக்கு ஒரே றிப்போட்டை வைத்து முடிவு சொல்லக்கூடாது.

ஊரில் எடுத்துப் பட்டணத்துக்கு அனுப்பும் இரத்தத்தில் கவனம். குழாய்க்குள்ளும் இரத்த அணுக்கள் குளுக்கோசைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு 5 முதல் 7 வீதம். இரண்டு மணித்தியாலம் சும்மா கிடந்தால் 130 ஏறக்குறைய 115 ஆகிவிடும். புளோரைட்டுக் குழாயும் முதல் மணித்தியாலத்தில் இதை முழுக்க நிறுத்தாது. ஐஸில் வைத்து, பிளாஸ்மாவை (அணுக்கள் நீங்கிய நீர்ப்பகுதி) கெதியாய்ப் பிரிக்க வேண்டும்.

பட்டினி வேண்டாமென்று எச்பிஏ1சி கேட்பவர்கள் (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை; 2010 முதல் 6.5 வீதம் சலரோகக் கோடு) இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் முதலே சொல்லுங்கள். அது அளவை உயர்த்திக் காட்டும். அண்மையில் ஏற்றிய இரத்தமும் அதைக் குழப்பும்.