சுத்தியல் பிடிக்குத் தோல் தைத்த கதை

சுத்தியல் பிடி வழுக்க ஆரம்பித்து ரொம்ப நாளாயிற்று. மரத்தில் ஒரு குறையும் இல்லை. வியர்வையும் எண்ணெயும் ஏறி ஏறி மழமழவென்று ஆகிவிட்டது, நாலு ஆணி அடிப்பதற்குள் பிடி கைக்குள்ளேயே திரும்பிக்கொள்ளும். சரி, தோல் சுற்றிவிடலாம் என்று இறங்கினேன்.

முதல் தடவை சொதப்பல். கிழிந்த பை ஒன்றின் தோலை வெட்டி, ரப்பர் பசை தடவி ஒட்டி, ஓரத்தைத் தைத்தேன். ஒரே வாரத்தில் தோல் தனியாகச் சுழல ஆரம்பித்தது. பைக்கு வருவது பெரும்பாலும் குரோமில் பதனிட்ட மெத்தென்ற தோல், இழுத்தால் நீளும், நனைத்துக் காயவைத்தாலும் பிடியின் வடிவத்துக்கு வராது. இதற்கு வேண்டியது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட, கொஞ்சம் விறைப்பான தோல். ஈரத்தில் நெகிழும், காயும்போது இறுகும், இந்த வேலையின் சூட்சுமமே அதுதான்.

இரண்டாம் தடவை 1.5 மி.மீ. கனத்தில் அந்தத் தோல். பிடி நடுவில் பருத்தும் மேலே சிறுத்தும் இருப்பதால் அளவுகோலை நம்பாமல் காகிதத்தைச் சுற்றி அச்சு எடுத்தேன். பிறகு மனசைக் கல்லாக்கிக்கொண்டு அச்சைவிட 4 மி.மீ. குறைவாக வெட்டினேன். வெட்டிய துண்டைப் பார்த்தால் எட்டவே எட்டாது என்றுதான் தோன்றும், பயப்பட வேண்டாம், எட்டும். ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே தள்ளி, 4 மி.மீ.க்கு ஒன்றாகக் குத்தூசியால் துளைகள். இரண்டு பக்கமும் 31 என்று எண்ணிக் குத்தியதாக நினைப்பு, ஒரு பக்கம் 30தான் இருந்திருக்கிறது. பாதி தைத்த பிறகு தோல் முறுக்கிக்கொண்டு போனபோதுதான் தெரிந்தது, எல்லாவற்றையும் பிரித்தேன்.

தைக்கும் முன் வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் ஊறப் போடவேண்டும். கொதிநீர் கூடாது, தோல் சுருங்கிக் கட்டையாகிவிடும். அப்புறம் மெழுகு நூலின் இரு முனையிலும் ஒவ்வொரு ஊசி கோத்து, உள்ளிருந்து வெளியே குத்தி, செருப்புக் கயிறு கட்டுவதுபோல் மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டே வந்தேன். 12 செ.மீ. தையலுக்கு ஒரு மீட்டர் நூல் போதும் என்ற என் கணக்கு பலிக்கவில்லை, கடைசி ஆறேழு துளைகளுக்கு ஒட்டு நூல்தான். ஒன்றரை மீட்டராவது எடுங்கள்.

இன்னொன்றும் நடந்தது. ஈரத்தோடு சுத்தியலை அப்படியே சாய்த்து வைத்துவிட்டேன், காலையில் பார்த்தால் இரும்புத் தலையை ஒட்டியிருந்த விளிம்பு முழுக்கக் கறுப்பு. பட்டைச் சாற்றின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் மைதான், அந்தக் காலத்தில் எழுதும் மையே இப்படித்தான் செய்தார்கள். இனிமேல் தலைக்கும் தோலுக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி.

நிழலில் இரண்டு நாள் காய்ந்ததும் தேன்மெழுகு தேய்த்தேன். இப்போது முறுக்கினாலும் அசையவில்லை. விரிசல் விட்ட பிடிக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள், தோல் விரிசலை மறைக்கும், தாங்காது. நீளமான கோடாலிக் காம்பின் மேல்பாதியையும் விட்டுவிடுங்கள், அங்கே கை வழுக்கிக்கொண்டு போனால்தான் வீச முடியும்.

இரண்டு பக்கமும் சேர்த்துப் பிடி 3 மி.மீ. பருத்துவிட்டது, சுவர்ப்பலகையில் சுத்தியல் மாட்டும் ஓட்டைக்குள் இப்போது நுழையவில்லை, அதை அரம் வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.