மடியில் ஆறு தந்தி

நாடு மாறும்போது பெடல் ஸ்டீல் கிட்டாரை விற்றுவிட்டேன். பத்துத் தந்தி, தந்திகளின் சுதியை மாற்ற வரிசையாகப் பெடல்கள், முழங்கால்களால் தள்ள லீவர்கள், வலது காலுக்கு வால்யூம் பெடல், எல்லாவற்றையும் தாங்க ஓர் உலோகச் சட்டம். அதை விமானத்தில் ஏற்றுவது நடக்கிற காரியமா? கூட வந்தது, நான் முதலில் கற்றுக்கொண்டு அப்புறம் ஓரங்கட்டி வைத்திருந்த, மடியில் வைத்து வாசிக்கும் லேப் ஸ்டீல் கிட்டார். ஒரு பலகை, ஆறு தந்தி, கையில் பிடித்துத் தந்திகளின் மேல் நகர்த்த ஓர் இரும்பு பார். அந்த பாரை மட்டும் விமான நிலையச் சோதனையில் ஆயுதத்தைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

வந்த புதிதில் எல்லாமே படிவம்தான். வீட்டுக்கு, வங்கிக்கு, வரிக்கு. தொலைபேசியில் எதிர்முனை பேசுவது பாதி புரியாது, நான் பேசுவது அவர்களுக்குப் பாதி புரியாது. இப்படி ஒரு நாளைக் கழித்துவிட்டு ராத்திரி உட்கார்ந்து, இரண்டு கையும் இரண்டு காலும் இரண்டு முழங்காலும் ஆளுக்கொரு வேலை செய்கிற வாத்தியத்தை வாசிக்க என்னால் முடிந்திருக்காது. லேப் ஸ்டீலை மடியில் வைத்தால் போதும்.

எளிமை என்றால் குறைச்சல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் சி6 ட்யூனிங் என்று தந்திகளுக்குச் சுதி சேர்க்கும் முறையில் எவ்வளவு அடங்கியிருக்கிறது பாருங்கள். தடித்த தந்தியிலிருந்து சி, இ, ஜி, ஏ, சி, இ என்ற சுரங்கள். பாரை வைக்காமல் மீட்டினால் தடித்த மூன்று தந்திகள் சி மேஜர் கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டு; மெல்லிய மூன்று ஏ மைனர். பாரை நேராக, பலகையில் போட்டிருக்கும் 5-ஆம் கோட்டில் வைத்தால் எஃப் மேஜரும் டி மைனரும். 7-இல் ஜி மேஜரும் இ மைனரும். மூன்றே இடங்கள், ஆறு கார்டுகள். பாதிப் பாட்டுகளுக்கு இதற்கு மேல் வேண்டியதில்லை.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. தந்திகள் பலகையிலிருந்து உயர்ந்து நிற்பதால் எதையும் அழுத்துவதில்லை. ஃப்ரெட் என்று இருப்பவை வெறும் கோடுகள். சாதாரண கிட்டாரில் விரலைக் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் வைத்தாலும் சுரம் சரியாக விழும். இங்கே பார் கோட்டின் நேர்மேலே நிற்க வேண்டும். தலையைச் சாய்த்துப் பார்த்தால் கண் ஏமாற்றும், சுதி விலகும். வீணை மாதிரியான கோட்டு வாத்தியத்தில் ஃப்ரெட்டுகளே கிடையாது, மரக்கட்டையை நகர்த்தி வாசிப்பவருக்குக் காதுதான் துணை. இங்கும் கடைசியில் அதே கதைதான். பெடல் மிதிக்கும் நாட்களில் இயந்திரம் சுரத்தை எனக்காக இழுத்துக் கொடுத்தது. இப்போது ஒவ்வொரு சுரத்தையும் நானே தேடிப் போகிறேன். பாருக்குப் பின்னால் மோதிர விரலும் சுண்டு விரலும் தந்தியைத் தொட்டபடியே வர வேண்டும், இல்லாவிட்டால் தேவையில்லாத இரைச்சல் கிளம்பும். நகர்த்துவதைவிட அடக்குவதுதான் பெரிய வித்தை.

குளிரும் சேர்ந்துகொண்டது. வெளியே கொண்டுபோய்விட்டுச் சூடான அறைக்குள் வந்தால் எஃகுத் தந்திகள் மெல்ல நீண்டு சுதி இறங்கிவிடும். வந்ததும் உறையைத் திறந்து கொஞ்ச நேரம் சும்மா விட்டுவிடுவேன். இதில் எனக்கு ஒரு அற்ப ஆறுதல்: 1932-இல் விற்பனைக்கு வந்த ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் 'வாணலி' என்று பெயர் வாங்கிய லேப் ஸ்டீலுக்கும், மேடை விளக்கின் சூட்டில் அலுமினிய உடல் விரிந்து சுதி கெடும் தொல்லை இருந்தது.

ஒருநாள் மாடிவீட்டு அக்கா படிக்கட்டில் நிறுத்தினார். "தம்பி, ராத்திரியில யாரோ அழற மாதிரி சத்தம் வருதே, உங்க வீட்டிலயா?"

"கிட்டார்க்கா. மடியில வச்சு வாசிக்கிறது."

"அழுகைதான். ஆனா நல்லா இருக்கு. எந்த ஊர் வாத்தியம்?"

ஹவாய் என்றேன். ஜோசப் கெக்கூக்கு பற்றியும் சொன்னேன். இந்த வாசிப்பு முறையை உருவாக்கியவர் என்று பெரும்பாலும் அவரைத்தான் சொல்கிறார்கள். 1904-இல் ஹவாயை விட்டுக் கிளம்பி, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாசித்து, 1932-இல் நியூ ஜெர்ஸியில் இறந்தார். அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, "அவரும் குளிருக்குத்தான் வந்து மாட்டினாரா?" என்றார்.

அதற்குப் பிறகு வாரக் கடைசியில் சிலர் கூடி வாசிக்கும் இடம் ஒன்று கிடைத்தது. என் உச்சரிப்பை அங்கே யாரும் கவனிப்பதில்லை. "நான்கு, ஐந்து, மறுபடி ஒன்று" என்று கார்டு எண்களைச் சொல்வதற்கு மேல் பேச்சு வேண்டியிருப்பதும் இல்லை. பெரும்பாலும் நான் இரண்டு சுரம் வாசித்து, அடுத்தவருக்கு இடம்விட்டுக் காத்திருப்பேன். பெடல் ஸ்டீல் இருந்திருந்தால் அவ்வளவு பொறுமை எனக்கு இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

வசதி வந்ததும் மறுபடி பெடல் ஸ்டீல் வாங்குவாயா என்று கேட்கிறார்கள். இப்போதைக்கு இல்லை. இந்தக் குளிர்காலம் பாரைச் சாய்த்துப் பிடிக்கப் பழகுகிறேன். மெல்லிய தந்தியிலிருந்து எண்ணினால், இரண்டாம் தந்தியில் பார் மூன்றாவதைவிட ஒரு கோடு முன்னால் நிற்கும். நேராக வைத்தால் அந்த இரண்டு சுரங்களுக்கும் நடுவே இருப்பது மைனர் மூன்றாம் இடைவெளி; இந்தச் சாய்வில் அது சற்று அகன்று மேஜராகிவிடும். மெதுவான பாட்டில் வருகிறது. வேகமாக வாசித்தால் இன்னும் அபஸ்வரம்தான்.